நேரில் பார்த்தது யார்?

"தம்பி, நீரோ பிடில் வாசிக்கவில்லை என்று அடித்துச் சொன்னீர்கள். சரி. பாடினான், ஆடினான் என்று எழுதி வைத்தவர்கள் யார் யார்? அவர்களில் நேரில் பார்த்தது யார்? சாட்சிகளைக் கூப்பிடாமல் தீர்ப்பை மட்டும் படித்துவிட்டீர்களே."

ரோமாபுரி வரலாற்றைப் பற்றித் தமிழில் நான் நடத்திவரும் பாட்காஸ்டுக்குத் தபாலில் வந்த முதல் கடிதம் இது. எழுதியவர் நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேரன் போனில் போட்டுக் கொடுக்க, திண்ணையில் உட்கார்ந்து கேட்பாராம். நிகழ்ச்சி நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை இல்லை. நாலு வரிக் கேள்வி, கீழே கையெழுத்து, தேதி.

அன்று இரவே குறிப்பு நோட்டைத் திறந்து, அவர் கேட்டபடி சாட்சிகளை வரிசையாக நிறுத்திப் பார்த்தேன். பேரரசன் நீரோவின் காலத்தில் ரோமில் தீ பிடித்தது கி.பி. 64 ஜூலை 18 இரவு. சர்க்கஸ் மேக்சிமஸ் பந்தய மைதானத்தை ஒட்டிய கடைகளில் தொடங்கி, ஆறு நாள் எரிந்து, அடங்கி, மறுபடி பற்றியது. நகரின் 14 வட்டாரங்களில் முழுதாகத் தப்பியவை 4. இதையெல்லாம் விரிவாகச் சொல்பவர் டேசிட்டஸ். தீ பிடித்தபோது அவர் ஏழெட்டு வயதுப் பையன். எழுதியது ஏறத்தாழ ஐம்பது வருடம் கழித்து. நீரோ அப்போது ஊரிலேயே இல்லை, ஆன்டியத்தில் இருந்தான், திரும்பி வந்து வீடிழந்தவர்களுக்குத் தன் தோட்டங்களைத் திறந்துவிட்டான், தானிய விலையைக் குறைத்தான் என்கிறார். தன் வீட்டு மேடையில் பாடினான் என்ற பேச்சை வதந்தி என்றே குறிக்கிறார். அடுத்தவர் சூட்டோனியஸ். அவர் பிறந்ததே தீ அணைந்து சில வருடங்களுக்குப் பிறகு. ஆனால் மிசீனாஸ் கோபுரத்தின் மேல் நாடக உடையில் நின்று பாடினான் என்று உறுதியாகச் சொல்கிறார். மூன்றாமவர் காசியஸ் டியோ, ஒன்றரை நூற்றாண்டு தள்ளி எழுதியவர். அவர் கணக்கில் அது அரண்மனைக் கூரை. பிடில் என்ற வாத்தியம் உருவாக ஆயிரம் வருடத்துக்கு மேல் பாக்கி இருந்தது.

மூன்று சாட்சிகள். வளர்ந்த ஆளாக அன்று அங்கே நின்று பார்த்தவர் ஒருவரும் இல்லை. சம்பவ இடமும் ஆளுக்கு ஒன்று.

இதை ஒரு தனி எபிசோடாகவே பதிவு செய்தேன். அதுவரை நான் செய்துவந்தது கதை சொல்லும் வேலை. அந்தக் கடிதத்துக்குப் பிறகுதான் வரலாறு சொல்லும் வேலையைத் தொடங்கினேன் என்று நினைக்கிறேன்.

இந்தத் தொழிலுக்கு என்னை இழுத்துவந்தது இன்னொருவரின் குரல். மைக் டங்கன் என்ற அமெரிக்கர் 2007 முதல் 2012 வரை நடத்திய 'தி ஹிஸ்டரி ஆஃப் ரோம்' என்ற ஆங்கிலத் தொடர். ரோம் பிறந்த பழங்கதையில் தொடங்கி, கி.பி. 476-ல் கடைசி மேற்குப் பேரரசனான சிறுவன் ரோமுலஸ் அகஸ்டுலஸ் பதவி இறக்கப்பட்டது வரை, 179 எண்ணிட்ட எபிசோடுகள். செங்கல்பட்டிலிருந்து பீச் வரை மின்சார ரயிலில் போய்வரும் நேரம் முழுவதும் அதைத்தான் கேட்டேன். அது முடிந்த வருடமே, அதைத் தொடர்ந்து கேட்டுவந்த ராபின் பியர்சன் என்பவர், கிழக்கில் பேரரசு இன்னும் ஆயிரம் வருடம் இருந்ததே என்று, பைசாந்திய வரலாற்றைத் தன் குரலில் சொல்லத் தொடங்கினார். கேட்பவர் ஒருவரின் மனக்குறை இன்னொரு தொடராக முளைத்தது. இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த செய்தி அது.

தமிழில் இப்படி ஒன்று வேண்டும் என்று தோன்றி, 2018-ல் படுக்கையறை ஜன்னலுக்குக் கம்பளி கட்டிவிட்டு மைக் முன் உட்கார்ந்தேன். முதல் வருடம் வந்த கருத்துகள் பெரும்பாலும் ஒற்றை வார்த்தைகள்: அருமை, சூப்பர், நன்றி. மனசுக்கு இதமாக இருக்கும். அடுத்த எபிசோடை எப்படிச் செய்வது என்பதற்கு அதில் ஒன்றும் கிடைக்காது. வேகமாகப் பேசுகிறேன் என்றார்கள், குறைத்தேன். பின்னணி இசை குரலை அமுக்குகிறது என்றார்கள், இசையை எடுத்தேன். அரைமணி நேரம் போதும் என்றவர்களும், ஒரு மணி நேரம் வேண்டும் என்றவர்களும் சம அளவில் இருந்தார்கள். நாற்பது நிமிடத்தில் நிறுத்திக்கொண்டேன்.

பெயர்கள்தான் பெரிய தலைவலி. ரோமானியர் ஆண்பிள்ளைகளுக்கு வைத்த முதற்பெயர்கள் வழக்கில் இருபதுக்கும் குறைவு. கயஸ், லூசியஸ், மார்கஸ், பப்ளியஸ் என்று அவையே திரும்பத் திரும்ப வரும். பெண்களுக்குக் குலப்பெயரே பெயர். ஜூலியஸ் குலத்தில் பிறந்த பெண்கள் எல்லோரும் ஜூலியா. "யார் யாருடைய மகன் என்று பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டு கேட்க வேண்டியிருக்கிறது" என்று பலர் சொன்னார்கள். குடும்ப மரத்தை வாயால் விளக்கிப் பார்த்தேன், குழப்பம் கூடியதுதான் மிச்சம்.

வழி சொன்னவர் ஒரு தபால்காரர். வாட்ஸ்ஆப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தார். "சார், என் பீட்ல ஒரே தெருவில ஆறு முருகேசன் இருக்காங்க. இனிஷியலைப் பார்த்தா ஒண்ணும் புரியாது. பட்டப்பேரைக் கேட்டா வீட்டு வாசல்ல கொண்டுபோய் விட்டுடுவாங்க. ரோம்லயும் பட்டப்பேர் இருந்திருக்குமே?"

இருந்தது. ரோமானியரின் மூன்றாவது பெயர் பல இடங்களில் பட்டப்பெயராகப் பிறந்து, பிறகு பரம்பரையாக ஒட்டிக்கொண்டது. சிசரோ என்றால் கொண்டைக்கடலையிலிருந்து வந்த பெயர். முன்னோர் ஒருவரின் மூக்கு நுனி கடலைபோலப் பிளந்திருந்ததாக புளூட்டார்க் சொல்கிறார். கிராசஸ் என்றால் தடியன். ஸ்ட்ராபோ என்றால் மாறுகண். கலிகுலா என்பது, தகப்பனின் படை முகாமில் குட்டிச் செருப்புப் போட்டுத் திரிந்த பிள்ளைக்குச் சிப்பாய்கள் வைத்த செல்லப்பெயர். அதிலிருந்து, புது ஆள் கதைக்குள் வரும்போது பட்டப்பெயரின் பொருளைச் சொல்லித்தான் அறிமுகம் செய்கிறேன். பெயர்க் குழப்பம் பற்றிய புகார் அதோடு ஏறக்குறைய நின்றுபோனது. லத்தீனில் அது 'கிகெரோ', 'கைசர்' என்று உச்சரிக்கப்பட வேண்டும் என்று சிலர் இன்றும் எழுதுகிறார்கள். அவர்கள் சொல்வது சரி. ஆனால் சீசரும் சிசரோவும் தமிழில் பழகிவிட்ட பெயர்கள். பழகிய பெயரைப் பிடுங்கிக்கொண்டு புதுப்பெயர் கொடுத்தால் கேட்பவருக்கு ஆளே தெரியாமல் போய்விடும்.

இனி, எனக்கு வலித்த கருத்தைச் சொல்கிறேன்.

கன்னே போர் எபிசோடை நான் பெருமையோடு வெளியிட்டேன். கி.மு. 216, ஆகஸ்ட் மாதம். கார்த்தேஜ் தளபதி ஹானிபல் தன் படையின் நடுப்பகுதியை மெல்லப் பின்வாங்க வைத்து, உள்ளே பாய்ந்த ரோமானியர்களை இரு பக்கமும் மடக்கி, பின்னாலிருந்து குதிரைப்படையால் அடைத்த நாள். படை நகர்வை ஒவ்வொரு கட்டமாக விளக்கினேன். செத்தவர்கள் பாலிபியஸ் கணக்கில் 70,000 பேர், லிவி கணக்கில் ஏறத்தாழ 48,000 என்று இரண்டையும் சொன்னேன். சாட்சிகளை நிறுத்தச் சொன்ன ஐயாவுக்கு இது பிடிக்கும் என்று நினைத்தேன். பாராட்டு குவிந்தது. பத்து நாள் கழித்து ஒரு அம்மாவிடமிருந்து குரல் பதிவு வந்தது. மகன் ராணுவத்தில் இருக்கிறான் என்று ஆரம்பித்தார்.

"நல்லா வெளக்குனீங்க தம்பி. ஆனா எழுபதாயிரம்னு சொன்னப்ப உங்க குரல் ஏறுச்சு பாருங்க, கிரிக்கெட்ல ஸ்கோர் சொல்ற மாதிரி இருந்துச்சு. அத்தனை பேருக்கும் வீடு இருந்திருக்கும்ல? அங்க என்ன நடந்துச்சு?"

பதிவை மறுபடி போட்டுக் கேட்டேன். 31-வது நிமிடம். குரல் ஏறத்தான் செய்திருந்தது. அதைவிட மோசம், அவர் கேட்ட கேள்விக்குப் பதில் என் குறிப்பு நோட்டிலேயே இருந்தது. நேரம் போதவில்லை என்று வெட்டியிருந்தேன். லிவி எழுதியிருக்கிறார்: அந்த வருடம் சீரஸ் என்ற விளைச்சல் தெய்வத்துக்குப் பெண்கள் நடத்தும் ஆண்டு வழிபாடு தடைபட்டது. துக்கத்தில் இருப்பவர் அதில் கலந்துகொள்ளக் கூடாது. ஊரில் துக்கமில்லாத வீட்டுப் பெண் ஒருத்திகூட இல்லை. வழிபாடுகள் அடியோடு நின்றுபோகாமலிருக்க, துக்கம் முப்பது நாளோடு முடிய வேண்டும் என்று செனட் உத்தரவு போட்டது.

படை நகர்வுக்கு இருபத்தைந்து நிமிடம் கொடுத்தவன், இதற்கு ஒரு நிமிடம் கொடுக்கவில்லை. எபிசோடைப் பாதியிலிருந்து மறுபதிவு செய்தேன். அந்த அம்மாவுக்கு அனுப்பினேன். "இப்ப சரி" என்று இரண்டு வார்த்தை வந்தது. அதற்குப் பிறகு எந்தப் போரைச் சொன்னாலும், போர்க்களத்தைவிட்டு வெளியே வந்து ஊரையும் வீட்டையும் பார்க்காமல் முடிப்பதில்லை. ஸ்பார்ட்டகஸின் கலகத்தைச் சொல்லும்போது, கபுவாவிலிருந்து ரோம் வரை அப்பியன் சாலை ஓரமாகச் சிலுவையில் அறையப்பட்ட 6,000 பேரை, அந்தச் சாலையில் தினமும் சந்தைக்கு நடந்த ஒரு ஆளின் கண் வழியாகச் சொல்லப் பார்த்தேன். போர் குறைந்துவிட்டது என்று விலகிப்போனவர்கள் உண்டு. அவர்களை இழந்ததில் வருத்தம் உண்டு, முடிவை மாற்றிக்கொள்ளும் எண்ணம் இல்லை.

சீசர் பிறப்பு பற்றிய எபிசோடில் நான் செய்தது வெறும் பிழை. வயிற்றைக் கிழித்து எடுக்கப்பட்டதால்தான் சீசர் என்று பெயர், அதிலிருந்துதான் சிசேரியன் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் கேட்டது, சரிபார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை. மறுநாள் காலையில் ஒரு சிஸ்டரின் மின்னஞ்சல். அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டில் இருபது வருடமாக வேலை பார்ப்பவர். "சார், மயக்க மருந்து கிடையாது, ரத்தம் ஏற்ற வழி கிடையாது, தையல் தெரிந்திருந்தாலும் கிருமி விடாது. அந்தக் காலத்தில் வயிற்றைக் கிழித்தால் தாய் பிழைக்க மாட்டாள். சீசரின் அம்மா பிரசவத்திலேயே இறந்துவிட்டார்களா?"

சீசரின் அம்மா அவுரெலியா, மகன் பிறந்து நாற்பத்தைந்து வருடத்துக்கும் மேல் உயிரோடு இருந்தார். கி.மு. 100-ல் பிள்ளை பிறந்தது, 54-ல் அம்மா இறந்தார். அப்படியானால் அந்தக் கதை எங்கிருந்து வந்தது? சீசர் என்ற பெயரை முதலில் தாங்கிய ஏதோ ஒரு மூதாதை அப்படிப் பிறந்ததாக மூத்த பிளினி எழுதியிருக்கிறார். பின்னால் வந்தவர்கள் அதை ஜூலியஸ் சீசரின் தலையில் ஏற்றிவிட்டார்கள். ரோமானிய வரலாற்றில் ஒரு பக்கம்கூடப் படிக்காமல், தன் வார்டில் பார்த்ததை மட்டும் வைத்து அந்த சிஸ்டர் கதையை உடைத்துவிட்டார். புத்தகங்களை அடுக்கி வைத்துக்கொண்டிருந்த எனக்கு அந்தக் கேள்வி எழவே இல்லை.

அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. அதே கி.மு. 54-ல்தான் சீசரின் ஒரே மகள் ஜூலியா இறந்தாள். சீசரின் அரசியல் கூட்டாளியான பாம்பேயின் மனைவி. பிரசவத்தில் இறந்தாள், குழந்தையும் சில நாளில் போய்விட்டது. இந்த மரணத்தை நான் முன்பே சொல்லியிருந்தேன், ஒரே வரியில்: சீசருக்கும் பாம்பேக்கும் இடையிலிருந்த உறவு அறுந்தது என்று. அரசியல் சங்கதியாக மட்டுமே எனக்கு அது தெரிந்திருந்தது. சிஸ்டருடன் இரண்டு மாதம் எழுதிப் பேசி, ரோமில் பிரசவம் என்று ஒரு முழு எபிசோடு செய்தேன். இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் வேலை பார்த்த சொரானஸ் என்ற மருத்துவர் நல்ல மருத்துவச்சிக்கு என்னென்ன தகுதி வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார். எழுத்தறிவு வேண்டும், ஆபத்தில் கலங்கக் கூடாது, நகம் வெட்டியிருக்க வேண்டும். அதைப் படித்துக் காட்டியதும் சிஸ்டர், "எங்க ட்ரெய்னிங்ல சொன்னதுதான் சார்" என்றார். அந்த எபிசோடுக்கு வந்த கடிதங்கள்போல வேறு எதற்கும் வந்ததில்லை. பெரும்பாலும் பெண்கள் எழுதியவை. அதுவரை எங்கள் நிகழ்ச்சியைப் பெண்கள் இத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதே எனக்குத் தெரியாது.

பிழையைச் சுட்டினால் நன்றி சொல்பவர்கள்தான் எல்லோரும் என்று நினைத்துவிடக் கூடாது. நான் திருத்திக்கொண்டபோது என்னைத் திட்டியவர்களும் உண்டு. அது பிளினியின் கோடிகளால் வந்தது.

ஆரம்ப எபிசோடு ஒன்றில், மிளகுக்கும் முத்துக்கும் மஸ்லினுக்கும் ரோமானியர்கள் ஆண்டுதோறும் 10 கோடி செஸ்டர்ஸ் காசைத் தமிழகத்தில் கொட்டினார்கள் என்று சொன்னேன். கேட்டவர்களுக்குப் பூரிப்பு. பிறகு பிளினியின் மூல நூலின் மொழிபெயர்ப்பை வைத்துப் பார்த்தால், அந்த 10 கோடி இந்தியா, சீனம், அரேபியா மூன்றுக்கும் சேர்த்துச் சொன்ன தொகை. இந்தியாவுக்கு மட்டும் என்று அவர் இன்னொரு இடத்தில் சொல்வது 5 கோடி. தமிழகத்துக்கு என்று தனிக்கணக்கே அவரிடம் இல்லை. அதுவும், ஆடம்பரத்தைக் கண்டு பொருமுகிற ஒருவர் சொன்ன எண்ணிக்கை. அடுத்த எபிசோடின் தொடக்கத்தில் இதைச் சொல்லி வருத்தம் தெரிவித்தேன். "யாருக்காக நம் பெருமையைக் குறைக்கிறீர்கள்?" என்று கேட்டு வந்த பதிவுகள் ஒரு வாரம் ஓயவில்லை. இனிமேல் கேட்க மாட்டேன் என்றும் பலர் எழுதினார்கள்.

பெருமை குறைந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. செங்கடல் ஓரத்துப் பெரனிகே துறைமுகத்தில், இந்தியாவில் செய்த பெரிய சாடிக்குள் ஏழரைக் கிலோ மிளகு மண்ணுக்குள்ளிருந்து கிடைத்திருக்கிறது. அதே கடற்கரையில் குஸைர் அல்-காதிமில் கிடைத்த பானை ஓட்டில் தமிழ் பிராமி எழுத்து இருக்கிறது. ஐராவதம் மகாதேவன் அதைப் 'பானை உறி' என்று படித்தார். முசிறியிலிருந்து சரக்கேற்றி வந்த ஹெர்மாபோலன் என்ற கப்பலின் கணக்கு, பாப்பிரஸ் தாளில் எழுதப்பட்டு வியன்னாவில் இருக்கிறது. புதுக்கோட்டையில் 1898-ல் 501 ரோமப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. இத்தனை கையில் இருக்கும்போது இல்லாத 5 கோடியைச் சேர்க்க வேண்டிய தேவை என்ன? அந்த வாரம் பெஞ்ச் கிளார்க் ஐயாவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. "பொய்ச் சாட்சி ஒன்று சேர்ந்தால் நல்ல சாட்சிகளும் கெடும். செய்தது சரி."

அவருடைய கேள்விக்கு நான் கொடுத்த விலையும் உண்டு. எதைச் சொன்னாலும் 'டேசிட்டஸ் சொல்கிறார், டியோ மறுக்கிறார்' என்று அடுக்கத் தொடங்கியதில் கதை நொண்டியது. இரவு லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர் பொறுமையாகச் சொன்னார்: "கேட்டுக்கிட்டே ஓட்டுவேன், தூக்கம் வராது. இப்பல்லாம் பேர் பேரா வந்து கதை அறுந்துபோகுது. கண்ணு சொக்குது." இது உயிர் சம்பந்தப்பட்ட புகார். பல மாதம் தடுமாறிய பிறகு, எழுதியவர்களையே கதாபாத்திரமாக்கினேன். சூட்டோனியஸ் பேரரசன் ஹேட்ரியனின் கடிதப் போக்குவரத்தைக் கவனித்த செயலாளர். பிறகு பதவி பறிபோனவர். அரண்மனைச் சுவருக்குள் உலவிய ஆள் என்று தெரிந்துவிட்டால், அவர் வம்பு சொல்லும்போது எந்த அளவுக்கு நம்புவது என்று கேட்பவரே முடிவு செய்துகொள்கிறார். அண்ணன் திரும்பவும் கேட்கிறார்.

போன வருடம் ரோம் நகரின் குடிநீர்க் கால்வாய்களைப் பற்றிப் பேசினேன். கி.பி. 97-ல் அவற்றுக்குப் பொறுப்பேற்ற ஃபிரன்டினஸ், வழியிலுள்ள நிலக்காரர்கள் கால்வாயை உடைத்துத் தண்ணீர் எடுப்பதையும், நீர் ஆட்கள் காசு வாங்கிக்கொண்டு திருட்டுக் குழாய் பொருத்துவதையும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். தகப்பனார் ஊர் நீர்க்கட்டியாக இருந்தவர் என்று சொல்லிக்கொண்ட ஒரு டெல்டாக்காரர் போன் செய்து, எந்த இடத்தில் உடைத்தால் வெளியே தெரியாது என்று அரைமணி நேரம் விளக்கினார். அந்த உரையாடலை அவர் அனுமதியோடு அப்படியே ஒலிபரப்பினேன். ஃபிரன்டினஸின் புத்தகத்துக்கு அதைவிட நல்ல உரை எனக்குக் கிடைக்கவில்லை.

இப்போது என் ஸ்கிரிப்டின் இடது ஓரத்தில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு செய்திக்கும் நேராக அங்கே இரண்டு குறிப்பு இருக்கும்: சொன்னவர் யார், சம்பவம் நடந்தபோது அவருக்கு என்ன வயது. சிவப்பு மையில் இன்னொன்று: அந்த நேரத்தில் வீட்டில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள். மூன்றில் ஒன்று காலியாக இருந்தாலும் மைக்கைத் திறப்பதில்லை.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். என் நிகழ்ச்சி என்றில்லை, எந்த வரலாற்று நிகழ்ச்சியைக் கேட்டாலும், நடத்துபவருக்கு எழுதுங்கள். எத்தனையாவது நிமிடத்தில் உங்களுக்குச் சந்தேகம் வந்தது, நீங்கள் என்ன தொழில் செய்கிறீர்கள், இந்த இரண்டையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.